பதினாறாவது வார ஊசி

"ஊசி போட்டாச்சே டாக்டர், அப்புறம் எப்படி வந்துச்சு?"

கால்நடை மருத்துவமனை வராந்தாவில் அடிக்கடி காதில் விழும் கேள்வி இது. கேட்பவரின் மடியில் துண்டில் சுற்றிய மூன்று மாதக் குட்டி. முந்தாநாள் வரை செருப்பைக் கவ்விக்கொண்டு வீடெல்லாம் ஓடியது, இன்று தலையைத் தூக்க மாட்டேன் என்கிறது. முதலில் சோறு வேண்டாம் என்றது, அடுத்து வாந்தி, அதன் பிறகு ரத்தமாகக் கழிச்சல். அந்த நாற்றத்தை ஒருமுறை அறிந்தவர்கள் வாசலிலேயே சொல்லிவிடுவார்கள், பார்வோ என்று.

நாய்க்கு வயிறு கெட எத்தனையோ காரணங்கள் உண்டு. குப்பையில் கிளறித் தின்ற எச்சில், செரிக்காத பால், திடீரென்று மாற்றிய தீனி, கொக்கிப்புழு, ஜியார்டியா என்ற ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. வளர்ந்த நாய் சுறுசுறுப்பாக இருந்து, தண்ணீரும் குடித்து, ரத்தமில்லாமல் பேதி மட்டும் போனால், குழைந்த சோறும் உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழியும் கொடுத்து ஒரு நாள் பார்க்கலாம். குட்டிக்கு அந்த ஒரு நாள் கிடையாது. அதன் சின்ன உடம்பில் இருக்கும் தண்ணீரே கொஞ்சம்தான்.

பார்வோ பழைய நோயல்ல. 1978-இல்தான் உலகம் இதை அடையாளம் கண்டது. பூனைகளைக் கொன்றுவந்த ஒரு வைரஸுக்கு நெருங்கிய உறவு, இதை உண்டாக்கும் வைரஸ். மேலுறையில் ஏற்பட்ட ஒருசில மாற்றங்களால் நாயின் செல்லுக்குள் நுழையும் வழி அதற்குக் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் கண்டம் கண்டமாகப் பரவியது. நாய்களுக்கென்று தடுப்பூசி இல்லாத அந்த நாட்களில் பூனைத் தடுப்பூசியை நாய்களுக்குப் போட்டுச் சமாளித்தார்கள். பிறகு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் லேலண்ட் கார்மைக்கேலும் மேக்ஸ் ஏப்பலும் நாய்க்கான தடுப்பூசியை உருவாக்கினார்கள். 1980-களின் தொடக்கத்திலேயே நோய் இந்தியாவுக்கும் வந்துவிட்டது.

இந்த வைரஸ் தன்னைத் தானே படியெடுத்துக்கொள்ள முடியாதது. பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் செல் ஒன்று கிடைத்தால்தான் அதற்குப் பிழைப்பு. குட்டியின் உடலில் அப்படிப்பட்ட செல்கள் நிறைந்த முக்கிய இடங்கள் இரண்டு. ஒன்று குடலின் உட்சுவர். உணவை உறிஞ்சும் குடலுறிஞ்சிகளின் செல்கள் சில நாட்களிலேயே தேய்ந்து உதிர்பவை; அடியில் இருக்கும் குழிகளில் புதுச் செல்கள் பிறந்து மேலேறி அந்த இடத்தை நிரப்பும். வைரஸ் கைவைப்பது அந்தக் குழிகளில். உதிர்ந்ததை ஈடுகட்ட ஆளில்லாமல் குடல் புண்ணாகிறது, தண்ணீரும் ரத்தமும் கசிகின்றன. இன்னொரு இடம் எலும்பு மஜ்ஜை. அங்கே வெள்ளை அணுக்களின் உற்பத்தி படுத்துவிடுகிறது. வேலி விழுந்த நேரத்தில் காவலும் இல்லாமல் போக, குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் ரத்தத்துக்குள் இறங்குகின்றன. வைரஸ் நோய்க்கு எதற்கு ஆன்டிபயாடிக் என்று கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்.

பெரும்பாலான இடங்களில் சிகிச்சை என்பது வைரஸைக் கொல்வதல்ல. குடல் ஆறும்வரை குட்டியை உயிரோடு வைத்திருப்பது. டிரிப்ஸ்தான் முதல் மருந்து. வாந்தியை நிறுத்த ஒன்று, பாக்டீரியாவுக்கு ஒன்று, ரத்தத்தில் சர்க்கரை இறங்காமல் பார்த்துக்கொள்ள ஒரு கண். வாந்தி நிற்கும்வரை வயிற்றைக் காயப்போடுவது பழைய வழக்கம். இப்போது குழாய் வழியாகவாவது சீக்கிரமே கொஞ்சம் கொஞ்சமாக உணவு கொடுக்கிறார்கள். குடல் விரைவில் தேறுகிறது. சிகிச்சையே கிடைக்காத குட்டிகளில் பெரும்பாலானவை இறந்துவிடும். நேரத்தோடு சேர்த்துத் தீவிரமாகக் கவனித்தால் பத்தில் எட்டுக்கு மேல் பிழைக்கும். அதனால்தான் வீட்டில் கிடக்கும் பேதி மாத்திரையைக் கொடுத்து இரண்டு நாள் கடத்துவதைப் பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. மனிதர்களின் வலி மாத்திரைகளோ நாய்க்கு நஞ்சாகவே முடியலாம்.

சரி, ஊசி போட்டும் எப்படி வந்தது? பிறந்த முதல் நாளில் குடித்த சீம்பாலோடு தாயின் எதிர்ப்புப் புரதங்களும் குட்டிக்கு வந்து சேர்கின்றன. அவை கிட்டத்தட்ட பத்து நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இருக்கும்வரை, வெளியிலிருந்து வரும் தடுப்பூசியையும் பகையென்று எண்ணி அழித்துவிடும். குறைந்துகொண்டே வரும்போது ஒரு கட்டம் வருகிறது: நோயைத் தடுக்கப் போதாது, ஊசியைக் கெடுக்க மட்டும் போதும். அந்த நாட்களில் போட்ட ஊசி வீண். குட்டியோ திறந்த வீடு. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்குக்கூட இந்தக் கட்டம் ஒரே நாளில் வராது; எது எவ்வளவு சீம்பால் குடித்ததோ, அதைப் பொறுத்தது. ஆகவேதான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, பதினாறு வாரம் நிறையும்வரை போடச் சொல்கிறார்கள். முதல் ஊசி பலித்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கடைசி ஊசியைத் தவறவிட்ட குட்டிகள்தான் அந்த வராந்தாவில் அதிகம்.

குட்டி இறந்த துக்கத்தில், அடுத்த வாரமே இன்னொன்றை வாங்கி வருபவர்கள் உண்டு. வேண்டாம். இந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில், நிழலும் ஈரமும் இருந்தால் ஒரு வருடம்கூடக் கிடக்கும். பினாயிலை நம்ப முடியாது, சானிடைசரும் உதவாது. அசுத்தத்தை முதலில் கழுவித் துடைத்துவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து தரையில் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். தோட்டத்து மண்ணை அப்படிக் கழுவ முடியாது. அந்த வீட்டுக்கு வரும் அடுத்த குட்டி, தன் பதினாறாவது வார ஊசியையும் போட்டு, இரண்டு வாரம் கழித்தே வாசற்படி ஏறட்டும்.