ஓசையில்லாமல் வரும் வண்டிகள்

பார்வையற்றவர்கள் காதை நம்பித்தான் சாலையைக் கடக்கிறார்கள். வண்டி எந்தப் பக்கமிருந்து வருகிறது, சிக்னலில் நின்றது கிளம்பிவிட்டதா என்பதையெல்லாம் எஞ்சின் சத்தம்தான் அவர்களுக்குச் சொல்லிவந்தது. மெதுவாகப் போகும்போது எஞ்சினை அணைத்துவிட்டு பேட்டரியில் ஓடும் ஹைபிரிட் கார்கள் வந்ததும் அந்தத் துணை போயிற்று.

இதை முதலில் உரக்கச் சொன்னவர்களில் முக்கியமானவர்கள் அமெரிக்காவின் தேசியப் பார்வையற்றோர் கூட்டமைப்பினர். அவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. ஹைபிரிட் கார்கள் பாதசாரிகள் மீது மோதும் வாய்ப்பு மற்ற கார்களைவிட 35 சதவீதமும், சைக்கிளில் செல்வோர் மீது மோதும் வாய்ப்பு 57 சதவீதமும் அதிகம் என்று அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் 2011ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. அதே ஆண்டு ஜனவரியில், இத்தகைய கார்கள் ஒலியெழுப்ப வேண்டும் என்று ஒபாமா கையெழுத்திட்டுச் சட்டமும் வந்தது. ஆனால் விதிகளை எழுதி முடிக்க 2016 டிசம்பர் ஆகிவிட்டது! ஜப்பானோ 2010லேயே வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே பிரியஸ் ஹைபிரிட் காரில் தனியாகப் பொருத்திக்கொள்ளும் ஒலிக்கருவியை டொயோட்டா 12,600 யென்னுக்கு விற்கத் தொடங்கியது.

இந்த ஏற்பாட்டுக்குத் தேவை, வெளியே ஒலிக்கும் ஒரு ஸ்பீக்கர், அதை வேகத்துக்கேற்ப இயக்கும் ஒரு மின்னணுக் கருவி, அவ்வளவுதான். நுட்பமெல்லாம் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதில் இருக்கிறது. ஐ.நா.வின் 138ஆவது வாகன விதிப்படி, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரை ஒலி வேண்டும். அதைத் தாண்டினால் டயர் சத்தமே காட்டிக்கொடுத்துவிடும். 10 கிலோமீட்டர் வேகத்தில் குறைந்தது 50 டெசிபல், 20இல் 56. ஏறக்குறைய இருவர் பேசிக்கொள்ளும் அளவு. வேகம் கூடக்கூடச் சுருதியும் ஏற வேண்டும். வண்டி வேகமெடுக்கிறதா, தணிகிறதா என்பது பார்க்காமலே புரிய வேண்டுமல்லவா? ஒலியில் ஒரு பகுதியாவது 1,600 ஹெர்ட்ஸுக்கு மேற்படாமல் இருக்க வேண்டும் என்பது, கீச்சொலி எளிதில் கேட்காத முதியவர்களுக்குக் கைகொடுக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 ஜூலை முதல் எல்லாப் புதிய மின்சார, ஹைபிரிட் கார்களுக்கும் இந்த எச்சரிக்கை ஒலி கட்டாயம். விளையாட்டுத்தனமும் கூடவே வந்தது. ஆடு கத்துவதுபோலவெல்லாம் வெளியே ஒலிக்கவிடும் வசதியை டெஸ்லா கொடுத்தது. கார் ஓடும்போது அது எச்சரிக்கை ஒலியை மறைத்துவிடும் என்பதால், 2022இல் அமெரிக்காவில் சுமார் 5.79 லட்சம் கார்களில் மென்பொருளைத் திருத்த வேண்டியதாயிற்று. பாதுகாப்புக்கென்று வைத்த ஸ்பீக்கரை வேடிக்கைக்கு விட்டால் இப்படித்தான் ஆகும்.

இந்தியாவில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2025 செப்டம்பரில் ஒரு வரைவை வெளியிட்டது. மின்சாரக் கார், பேருந்து, சரக்கு வாகனங்களில் புதிய மாடல்களுக்கு 2026 அக்டோபர் முதலும், ஏற்கெனவே உள்ள மாடல்களுக்கு 2027 அக்டோபர் முதலும் இந்த ஒலியைக் கட்டாயமாக்கலாம் என்றது அது. நல்ல விஷயம்தான். ஆனால் நம் தெருக்களில் சத்தமில்லாமல் பக்கத்தில் வந்து நிற்பது பெரும்பாலும் கார் அல்ல, ஸ்கூட்டர். ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பிற இடங்களிலும் தயாராகி நாடெங்கும் போகும் அந்த வண்டிகள் வரைவில் இல்லை. ஐ.நா. விதியும் இருசக்கர வாகனங்களைச் சேர்க்கவில்லை. கார்கள் நிறைந்த நாடுகளை மனதில் வைத்து எழுதிய விதியை நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஹாரன் இரைச்சலில் 56 டெசிபல் எங்கே கேட்கும் என்று சிலர் கேட்கலாம். பிரதான சாலையில் கேட்காதுதான். குடியிருப்புச் சந்திலும் பள்ளி வாசலிலும் கேட்கும். ஸ்கூட்டர்கள் நடப்பவர்களை உரசிக்கொண்டு போகும் இடங்களும் அவைதான். இருசக்கர வாகனங்களையும் அமைச்சகம் இந்த விதிக்குள் கொண்டுவர வேண்டும்.