ராதேயன் என்ற பெயர்

1988ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், பி.ஆர்.சோப்ராவின் 'மகாபாரத்' தொடர் தூர்தர்ஷனில் தொடங்கியது. 1990 ஜூன் வரை, 94 பகுதிகள். ஞாயிற்றுக்கிழமை காலையில் நீராடி, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, இந்தி அறியாத எங்கள் இல்லத்திலும் அனைவரும் அதன் முன் அமர்ந்தோம். கதை அறிந்ததே ஆதலால் மொழி தடையாகவில்லை.

அதில் பங்கஜ் தீர் ஏற்ற கர்ணன் வேடம் என்னை நிம்மதியாக இருக்கவிடவில்லை. நான் சுவீகாரப் பிள்ளை. அப்பா, அம்மா என்று நான் அழைத்தவர்கள் உண்மையில் என் சித்தப்பாவும் சித்தியும். பெரியம்மா என்று அழைத்தவரே என்னைப் பெற்றவர். கல்லூரியில் படிக்கும்போது இது தெரியவந்தது. 'நான் யார் மகன்?' என்ற வினா முள்ளாகத் தங்கிவிட்டது. எவரிடமும் கேட்டதில்லை.

கண்ணபிரான் கர்ணனிடம் அவன் பிறப்பை உரைக்கும் பகுதி வந்தது. அவனே குந்திதேவியின் மூத்த மகன். பாண்டவரிடம் வந்தால் அரசும் அவனுக்கே. கர்ணன் மறுக்கிறான். துரியோதனனிடம் கொண்ட நன்றியையே நாம் பெரிதாகப் பேசுகிறோம். ஆனால், வியாச பாரதத்தின் உத்தியோக பருவத்தில் அவன் முதலில் நினைப்பது, தன்னைக் கண்டதும் பால் சுரந்த ராதையை. ஜாதகர்மம் செய்வித்து, வசுசேனன் எனப் பெயரிடச் செய்து, மணமும் முடித்துவைத்த தேரோட்டி அதிரதனை. உலகம் முழுவதையும் தந்தாலும் அந்த உறவைப் பொய்யாக்கேன் என்கிறான்.

அருகிலிருந்த அப்பாவைப் பார்த்தேன். துண்டால் கண்களைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வினாவை மறைத்த ஆண்டுகளில், மகன் விலகிவிடுவானோ என்ற அச்சத்தை அவரும் மறைத்திருக்கிறார்! "அப்பா, காபி கொண்டுவரட்டுமா?" என்று மட்டுமே கேட்க முடிந்தது. அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

பாரதம் பெற்றவளையும் கைவிடவில்லை. போர் முடிந்து கங்கைக்கரையில் நீர்க்கடன் செலுத்தும்போது, கர்ணனுக்கும் நீர் விடுமாறு குந்தி தன் மக்களிடம் உண்மையைச் சொல்கிறாள். காலம் கடந்து வெளிப்பட்ட உறவு அது. எனக்கு அவ்வாறு நேரலாகாது என்று எண்ணி, அந்த ஆண்டே ஊருக்குச் சென்று பெரியம்மாவை வணங்கினேன். "பெரியம்மா" என்றே அழைத்தேன். காலில் விழுந்த கணத்தில் மட்டும், மனத்துக்குள் "அம்மா" என்றேன்.

அப்பா மறைந்து ஆண்டுகள் பல ஆயின. அமாவாசைதோறும் தர்ப்பணத்தில் தந்தையின் இடத்தில் அவர் பெயரைச் சொல்கிறேன். குரல் தடுமாறுவதில்லை.