தோல் சொல்லும் கதை – 14: கார்போக அரிசி

சென்ற வாரம் ரெட்டினால் என்ற தோல் பூச்சு பற்றி எழுதியதும் வந்த கடிதங்கள் பலவற்றில் ஒரே குரல்தான். "போட்டால் எரிகிறது, தோல் உரிகிறது. பரு விட்டுப்போன தழும்புக்குச் செடிகொடியில் மென்மையாக ஏதும் இல்லையா?"

இருக்கிறது. அதன் விதை நம் நாட்டு மருந்துக் கடைகளிலேயே கிடைக்கிறது. கார்போக அரிசி என்று கேட்டால் பொட்டலம் கட்டித் தருவார்கள். நலங்கு மாவு அரைக்கும் வீடுகளில் பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கோடு இதையும் ஒரு கைப்பிடி சேர்ப்பார்கள். இந்தக் கட்டுரைக்காக நானும் வாங்கி வந்தேன். பெயரில்தான் அரிசி, பார்த்தால் கறுப்பாக, மொச்சையை மிகச் சிறிதாக்கினாற்போல் இருக்கிறது. அம்மியில் வைத்து நுணுக்கினேன். விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. நுனிநாக்கில் வைத்தால் நல்ல கசப்பு.

இதைச் சமஸ்கிருதத்தில் பாகுசி என்பார்கள். 1966-ல் மேத்தா, நாயக், சுக் தேவ் என்ற மூன்று இந்திய வேதியியலாளர்கள் இந்த விதையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, அதற்குப் பகுச்சியோல் என்று பெயர் வைத்தார்கள். இன்று வெளிநாட்டுக் கண்ணாடிக் குப்பிகளில் சீரமாக விற்கப்படுவது அதுதான்.

ரெட்டினால் வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. பகுச்சியோலுக்கும் அந்தக் குடும்பத்துக்கும் வேதியியல் அமைப்பில் உறவே கிடையாது. ஆனால் 2014-ல் வெளியான ஓர் ஆய்வு, தோலில் ரெட்டினால் தூண்டிவிடும் மரபணுக்கள் பலவற்றை இதுவும் தூண்டுகிறது என்று காட்டியது. பின்னர் அமெரிக்காவில் 44 பேரை வைத்து 12 வாரம் சோதித்தார்கள். ஒரு பிரிவினர் 0.5% பகுச்சியோலைத் தினம் இருவேளை பூசினார்கள், மற்றவர்கள் 0.5% ரெட்டினாலை ஒருவேளை. முடிவு 2019-ல் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் அச்சானது. சுருக்கம், கருமை இரண்டும் இரு பிரிவிலும் குறைந்தன; பெரிய வித்தியாசம் இல்லை. தோல் உரிதலும் சுருக்கென்ற எரிச்சலும் ரெட்டினால் பூசியவர்களுக்கே அதிகம். வெயில் பட்டால் ரெட்டினால் சிதைந்துவிடும், பகுச்சியோல் தாங்கும். அதனால்தான் பகலிலும் பூச முடிகிறது.

நல்ல செய்திதான். ஆனால் 44 பேர் என்பது சின்னக் கூட்டம். அதிலும் அந்தச் சோதனை வெயிலாலும் வயதாலும் வாடிய தோலுக்கானது, பருத் தழும்புக்கு என்றே செய்யப்பட்டதல்ல. இதை மறைத்துவிட்டு உங்களுக்கு நம்பிக்கை ஊட்ட எனக்கு மனமில்லை.

தழும்பு என்று நாம் ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் இரண்டு வகை. ஜன்னலோரம் நின்று கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தில் விரலை மெல்ல ஓட்டிப் பாருங்கள். விரலுக்கு வழவழவென்று மட்டமாகத் தெரிந்து, கண்ணாடியில் மட்டும் பழுப்பாகத் தெரிந்தால் அது கறை. பரு வீங்கிய இடத்தில் தோல் கூடுதலாகச் சுரந்த நிறமி அது. நம்மைப் போன்ற மாநிறத்தாருக்கும் கறுத்த நிறத்தாருக்கும் இது அதிகம் வரும், போகவும் மாதக்கணக்காகும். பகுச்சியோலுக்கு வேலை இருப்பது இங்கேதான். விரல் பள்ளத்தில் இறங்கி ஏறினால் அது குழி. உள்ளேயிருக்கும் கொலாஜன் அழிந்துபோன இடம். எந்தக் களிம்பும் அதை நிரப்பாது. ஊசி உருளையோ லேசரோ, தோல் மருத்துவர் பார்த்துச் செய்ய வேண்டியது. குழிக்குக் குப்பி குப்பியாக வாங்கிக் காசைக் கரைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். பாவமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். என் அக்கா மகள் கல்லூரி மாணவி. கார்போக அரிசியில்தான் அந்தச் சத்து இருக்கிறது என்று எங்கோ கேள்விப்பட்டு, விதையைத் தயிர் விட்டு அரைத்து முகத்தில் அப்பியிருக்கிறாள். அரைமணி நேரம் கழித்துக் கழுவிவிட்டு, உச்சிவெயிலில் ஸ்கூட்டியில் கிளம்பிவிட்டாள். மறுநாள் கன்னம் செக்கச் சிவந்தது. அதற்கடுத்த நாள் கொப்புளம். "சித்தி, செடிதானே, என்ன பண்ணிடப் போகுதுன்னு நினைச்சேன்" என்று அழுதாள். கொப்புளம் ஆறிய இடம், போக்க நினைத்த கறையைவிடக் கறுத்துப்போய் மாதக்கணக்கில் நின்றது.

காரணம், அந்த விதையில் பகுச்சியோல் மட்டும் இல்லை. சோராலென் என்ற பொருளும் இருக்கிறது. அது ஏறிய தோலில் வெயில் பட்டால் வெந்துபோகும். அதே குணத்தைத்தான் வெண்புள்ளி சிகிச்சைக்கு மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள்: சோராலெனைக் கொடுத்து, அளந்த ஒளியை அளந்த நேரம் காட்டுவார்கள். சித்த மருத்துவத்திலும் வெண்புள்ளிக்குக் கார்போக அரிசி உண்டு. நலங்கு மாவில் அது பத்துப் பொருளோடு ஒன்றாகக் கொஞ்சமாகச் சேர்கிறது, தேய்த்த கையோடு கழுவியும் விடுகிறோம். தனியாக அரைத்து ஊறவைப்பது வேறு கதை. அரளியும் செடிதான்.

ஆகவே வாங்குவதானால், சோராலென் நீக்கிச் சுத்திகரித்த பகுச்சியோலை வாங்குங்கள். அளவு 0.5 முதல் 1% வரை என்று அட்டையில் இருக்கட்டும். பாப்சி எண்ணெய் என்று விற்பது விதையின் எண்ணெய், அது வேண்டாம். முதலில் காதுக்குப் பின்னால் பூசி இரண்டு நாள் பாருங்கள். இதற்கும் அலர்ஜி வருபவர்கள் உண்டு. மூன்று மாதம் பொறுங்கள், பகலில் சன்ஸ்கிரீன் தவறக் கூடாது. புதிதாகப் பரு வந்துகொண்டே இருந்தால் முதலில் அதற்கு மருத்துவரைப் பாருங்கள். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேளாமல் எதையும் தொடங்க வேண்டாம்.

வீட்டில் கார்போக அரிசிப் பொட்டலம் இருந்தால் அது நலங்கு மாவுக்கே இருக்கட்டும். தயவுசெய்து தனியாக அரைத்து முகத்தில் பூசாதீர்கள்.