திரை இருண்டால் லேப்டாப் போச்சா?



தமிழ்நாடு அரசு 2011-ஆம் ஆண்டு செப்டம்பரில் மாணவ, மாணவியருக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. அப்போது வாங்கிய பிள்ளைகள் படிப்பை முடித்து வேலைக்கும் போய்விட்டார்கள். அந்த லேப்டாப் மட்டும் வீட்டில் இருக்கிறது. பல குழுக்களில் அதில்தான் கணக்கு எழுதுகிறோம்.

அப்படி ஒரு குழுவில் நடந்த கதை இது. வங்கிக்குக் கணக்கு கொடுக்க நாலு நாள்தான் பாக்கி. ஊக்குநர் அக்கா லேப்டாப்பை ஆன் செய்தார். விளக்கு எரிந்தது, காற்றாடி சுற்றியது, திரை மட்டும் ஒரே கறுப்பு! டவுனில் ஒரு கடையில், "டிஸ்பிளே போச்சும்மா, புதுசுதான் போடணும்" என்றார்கள். குழுப் பணத்தில் எடுக்கலாமா, கூடாதா என்று கூட்டத்தில் ஒரே வாக்குவாதம். "மூணு வருஷக் கணக்கும் போயிடுச்சா?" என்று தலைவி கலங்கிப் போனார்.

கடைசியில் ஐ.டி.ஐ. படித்த ஓர் உறுப்பினரின் மகள் வந்து பத்தே நிமிடத்தில் சரி செய்தாள். செலவு? ஒரு பென்சில் ரப்பர்! திரையில் பழுதே இல்லை. பழுது மெமரியில் இருந்தது.

மெமரி என்றால் என்ன?

நம் வீட்டில் அரிசி, பருப்பு டப்பாவில் இருக்கும். சமைக்கும்போது வேண்டியதை மட்டும் எடுத்து அடுப்பு மேடையில் வைத்துக்கொள்வோம். லேப்டாப்பில் 'ஹார்ட் டிஸ்க்' என்பது அந்த டப்பா. 'ரேம்' எனப்படும் மெமரி என்பது அடுப்பு மேடை. மேடை உடைந்தால் சமைக்க முடியாது. ஆனால் டப்பாவில் உள்ள அரிசி அப்படியே இருக்கும். அதுபோல ரேம் கெட்டாலும், திரை கெட்டாலும் நம் கணக்கு அழியாது. இதை முதலில் மனதில் வையுங்கள்.

ரேமில் கோளாறு என்றால் லேப்டாப் ஆன் ஆகியும் திரையில் ஒன்றும் வராது. சில மாடல்களில் 'பீப், பீப்' என்று சத்தம் வரும். சில நேரம் வேலை பார்க்கும்போதே நின்றுவிடும், அல்லது திரை முழுவதும் நீலமாகி எழுத்து ஓடும்.

எது பழுது? நாமே பார்க்கலாம்

1. 'கேப்ஸ் லாக்' பொத்தானை அழுத்துங்கள். அழுத்த அழுத்த அதன் விளக்கு எரிந்து அணைந்தால் உள்ளே லேப்டாப் ஓடுகிறது, திரையில்தான் சந்தேகம். விளக்கில் மாற்றமே இல்லையென்றால் லேப்டாப் கிளம்பவே இல்லை, ரேமை சந்தேகப்படலாம்.

2. அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைத் திரைமேல் சாய்வாக அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால் திரைக்குப் பின்னால் எரியும் வெளிச்சம்தான் போயிருக்கிறது.

3. வீட்டு டி.வி.யில் எச்.டி.எம்.ஐ. அல்லது வி.ஜி.ஏ. வயரால் இணைத்துப் பாருங்கள். டி.வி.யில் படம் சுத்தமாக வந்தால் திரையிலோ, அதற்குப் போகும் வயரிலோ கோளாறு. டி.வி.யிலும் கோடு கோடாக வந்தால் ரேம் அல்லது போர்டில் கோளாறு இருக்கலாம்.

4. மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசையுங்கள். அசைக்கும்போது படம் வந்து வந்து போனால், கீல் பக்கம் வயர் தேய்ந்திருக்கும். வயரை மட்டும் மாற்றினால் போதும், முழுத் திரையும் வேண்டாம்.

ரேமைத் துடைப்பது எப்படி?

லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றுங்கள். ஆன் பொத்தானை 20 எண்ணும் வரை அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தங்கிய மின்சாரம் போய்விடும். சார்ஜரை மட்டும் செருகி ஆன் செய்து பாருங்கள். சில சமயம் இதிலேயே சரியாகிவிடும்.

ஆகவில்லையா? மறுபடி சார்ஜரைப் பிடுங்கி, அடிமூடியின் திருகைக் கழற்றுங்கள். விரல் நீளத்தில் ஒரு பச்சை அட்டை தெரியும். அதுதான் ரேம். தொடுவதற்கு முன் ஒரு இரும்புச் சாமானைத் தொட்டுவிடுங்கள். இரண்டு பக்கக் கொக்கியையும் விலக்கினால் ரேம் சாய்வாக எழும்பும். ஓரத்தில் உள்ள பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளைத் துடைத்து, 'டிக்' என்று உட்காரும் வரை அழுத்துங்கள். தண்ணீர் ஆகவே ஆகாது.

இரண்டு ரேம் இருந்தால் ஒன்றை மட்டும் போட்டுப் பாருங்கள். பிறகு மற்றதைப் போடுங்கள். எதைப் போட்டால் ஓடவில்லையோ அதுவே கெட்டது. எதைப் போட்டாலும் ஒரே குழியில் ஓடவில்லையென்றால் குழிதான் கெட்டது.

பேட்டரி உள்ளேயே பொருத்திய மாடலாக இருந்தாலும், பேட்டரி உப்பியிருந்தாலும் நீங்கள் திறக்க வேண்டாம். கடைக்காரர் பார்க்கட்டும்.

கடைக்குப் போகும்போது

"டி.வி.யில் படம் வருது, லேப்டாப் திரையில வரலை" என்று பார்த்ததை அப்படியே சொல்லுங்கள். "வயரா, திரையா?" என்று கேளுங்கள். ரேம் மாற்றினால் பழையதைக் கையில் கொண்டுபோங்கள். டி.டி.ஆர்.2 இருந்த இடத்தில் டி.டி.ஆர்.3 உட்காராது. 32-பிட் விண்டோஸ் என்றால் 4 ஜி.பி.க்கு மேல் ரேம் போட்டுப் பலன் இல்லை. காசு வீண்!

"ஃபார்மேட் பண்ணணும்" என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். ஃபார்மேட் செய்தால் டப்பாவில் இருக்கும் அரிசியைக் கொட்டுவது போல, கணக்கு போய்விடும். "முதல்ல எங்க கணக்கை பென் டிரைவ்ல எடுத்துக் கொடுங்க" என்று உறுதியாகக் கேளுங்கள்.

மாதக் கூட்டம் முடிந்ததும் கணக்கை ஒரு பென் டிரைவில் ஏற்றித் தலைவியிடம் கொடுங்கள். ரொக்கப் புத்தகமும் பேரேடும் கையால் எழுதுவதை நிறுத்தாதீர்கள். லேப்டாப் மாறலாம், கெடலாம். சிறுகச் சிறுகச் சேர்த்த நம் சேமிப்புக்குச் சாட்சி கணக்குதானே! அடுத்த கூட்டத்தில் இதை எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள், தோழிகளே.