பழைய ஜிப்ஸிக்கு எது வேண்டும், எது வேண்டாம்?

மாருதி ஜிப்ஸி இந்தியச் சந்தைக்கு வந்தது 1985 டிசம்பரில். அப்போது அதன் என்ஜின் 970 சிசி மட்டுமே. 1996இல் 1,298 சிசி என்ஜினோடு ‘ஜிப்ஸி கிங்’ ஆனது. பின்னர் கார்புரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தபோது 80 குதிரைத்திறனை எட்டியது. ராணுவம் அதை ஆயிரக்கணக்கில் வாங்கியது. ரந்தம்பூரிலும் கார்பெட்டிலும் புலி பார்க்கப் போனவர்களைக் காட்டுக்குள் சுமந்து சென்றது. ரெய்டு டி ஹிமாலயா போன்ற மலைப் பந்தயங்களில் தொடர்ந்து ஓடியது. 2019இல் பொதுமக்களுக்கான விற்பனை நின்ற பிறகும் பழைய ஜிப்ஸியைத் தேடிப்பிடித்து வாங்குகிறவர்கள் குறையவில்லை.

வாங்கிய கையோடு அவர்கள் போடும் பட்டியல் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும்: பெரிய டயர், உயர்த்திய ஸ்பிரிங், இரும்பு பம்பர், வின்ச், கூரைமேல் கேரியர், வரிசையாக விளக்குகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன் உண்டு. ஆனால் எல்லாவற்றையும் ஒரே வண்டியில் ஏற்றினால், ஜிப்ஸியை ஜிப்ஸியாக வைத்திருக்கும் குணமே போய்விடும். அந்தக் குணம், எடைக்குறைவு.

துணிக்கூரை ஜிப்ஸி கிங்கின் எடை 985 கிலோ. ஒரு டன்னைக்கூடத் தொடவில்லை. ஏணி வடிவ சேசிஸ், முன்னும் பின்னும் வளையாத முழு அச்சு, நான்கு சக்கரங்களுக்கும் விசை, அதில் லோ கியர். லோவில் போட்டால் இழுவிசை ஹையில் இருப்பதைவிடச் சுமார் 1.6 மடங்கு. இவ்வளவு சின்ன என்ஜின் ஒரு வண்டியைச் சேற்றிலும் மணலிலும் இழுத்துச் செல்ல முடிவது, இழுக்க வேண்டிய பாரம் குறைவு என்பதால்தான்.

சேர்க்கச் சேர்க்க என்ன ஆகும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரும்பு பம்பரும் வின்ச்சும் சேர்ந்து 65 கிலோ, அடிப்பக்கக் காப்புத் தகடுகள் 20, கேரியர் 30, கூடுதல் பேட்டரி 20, ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து பெரிய டயர்களால் கூடுவது 30, விளக்குகளும் மற்றவையும் 5 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 170 கிலோ. வண்டியின் சொந்த எடையில் இது 17 சதவீதம். பயணிகள், எரிபொருள், மூட்டைகள் எல்லாம் இதற்கு மேல்.

இப்போது டயருக்கு வருவோம். 205/70 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 668 மி.மீ. பலரும் மாற்றிப் போடும் 235/75 ஆர்15 டயரின் விட்டம் 733 மி.மீ. ஏறத்தாழ 10 சதவீதம் பெரிது. சக்கரம் பெரிதாகும்போது, அதே முறுக்குவிசை தரையில் தரும் தள்ளுவிசை அதே விகிதத்தில் குறைகிறது. தள்ளுவிசை குறைந்திருக்கிறது, தள்ள வேண்டிய பாரமோ கூடியிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒரே கியரில் வண்டியின் ஏறும் திறன் சுமார் 22 சதவீதம் சரிகிறது. பிரேக்கிலும் இதே நிலைமைதான். முன்பு நின்ற தூரத்தில் இப்போதும் நிற்க வேண்டுமானால் பிரேக் ஏறக்குறைய 29 சதவீதம் அதிகம் உழைத்தாக வேண்டும். வேகமானியும் பொய் சொல்லும். முள் 60இல் நிற்கும்போது வண்டி கிட்டத்தட்ட 66இல் போய்க்கொண்டிருக்கும்.

காட்டுப் பாதைக்காகச் செய்த மாற்றம் மலைப்பாதை இறக்கத்தில் உயிருக்கு உலை வைக்கலாம் என்பதை இந்த எண்கள் சொல்கின்றன. திட்டமிடுதல் இங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதல் செலவு பழுதுக்கு

பழைய வண்டிக்கு எந்த உபகரணமும் வாங்குவதற்கு முன் அதை லிஃப்டில் ஏற்றிக் கீழிருந்து பார்க்க வேண்டும். சேசிஸில், குறிப்பாக ஸ்பிரிங் கட்டும் இடங்களைச் சுற்றி, துரு அரித்திருக்கிறதா? சுத்தியலால் தட்டிப் பார்க்கும் மெக்கானிக்குக் காதே சொல்லிவிடும். முன் அச்சின் முனைகளில் சக்கரம் திரும்புவதற்கான கிங்பின் பேரிங்குகள் தேய்ந்திருந்தால் குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டீயரிங் உதறும். அதோடு கனமான டயரையும் மாட்டினால் உதறல் இன்னும் மோசமாகும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அதற்கான வரம்பு 140 டிகிரிதான். நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழி உண்டாகும். மிதித்த பெடல் பிடிப்பில்லாமல் உள்ளே போகும். சில நூறு ரூபாயில் முடியும் ஆயில் மாற்றம் எந்த அலங்கார விளக்கையும்விட மதிப்புள்ளது. ரேடியேட்டர், ரப்பர் ஹோஸ்கள், ஸ்பிரிங் புஷ்கள், ஆயில் சீல்கள் இவையெல்லாம் புதிதான பிறகே அந்த வண்டி உண்மையில் எப்படி ஓடும் என்பது தெரியவரும். அது தெரியாமல் மாற்றத்தைத் திட்டமிட முடியாது.

உயரம் இரண்டு வகை

ஸ்பிரிங்கை உயர்த்தினால் வண்டி பாறையில் இடிக்காது என்று பலர் நம்புகிறார்கள். ஜிப்ஸி போன்ற முழு அச்சு வண்டியில் அது பாதி உண்மைதான். தரைக்கு மிக அருகில் இருப்பது அச்சின் நடுவே உருண்டு நிற்கும் டிஃபரன்ஷியல். ஸ்பிரிங் அச்சுக்கு மேலே இருப்பதை மட்டுமே தூக்கும். அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். டிஃபரன்ஷியலை உயர்த்துவது டயர் ஒன்றுதான். அதுவும் விட்டத்தில் கூடியதில் பாதியளவு. மேலே சொன்ன டயர் மாற்றத்தில் கிடைப்பது சுமார் 33 மி.மீ.

அப்படியானால் ஸ்பிரிங் உயர்த்துவது எதற்கு? பெரிய டயர் மட்கார்டில் உரசாமலிருக்கவும், வண்டியின் வயிறும் மூக்கும் மேட்டில் தட்டாமலிருக்கவும். அதற்கு விலை உண்டு. ஸ்டீயரிங்கை அச்சோடு இணைக்கும் தண்டு சாய்ந்துவிடும். பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது ஸ்டீயரிங் தானாகத் திரும்பப் பார்க்கும். புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கூடி அதன் இணைப்புகள் சீக்கிரம் தேயும். பிரேக் ஹோஸ் இழுபட்டு நிற்கும். இவற்றையெல்லாம் சரிசெய்யாமல் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றித் தரும் பட்டறை பாதி வேலையைத்தான் செய்கிறது.

கவிழும் அபாயமும் இருக்கிறது. ஜிப்ஸியின் இரு சக்கரங்களுக்கு இடையேயான அகலம் சுமார் 1,300 மி.மீ. அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 650 மி.மீ. உயரத்தில் இருப்பதாகக் கொண்டால், கோட்பாட்டளவில் 45 டிகிரி பக்கச்சரிவில் அது கவிழும். உடலை 50 மி.மீ. உயர்த்தி ஈர்ப்பு மையமும் அதே அளவு ஏறினால் அந்தக் கோணம் 43ஆகக் குறையும். ஸ்பிரிங்கின் நெளிவும் குலுங்கலும் சேரும் நிஜப் பாதையில் வரம்பு இதைவிடக் கணிசமாகக் குறைவு.

இதே கணக்கில் கூரையையும் பார்க்க வேண்டும். 1,150 கிலோ எடையுள்ள வண்டியின் மேல் 1.9 மீட்டர் உயரத்தில் 50 கிலோ ஏற்றினால் ஈர்ப்பு மையம் 52 மி.மீ. மேலே போகிறது. அதாவது, கேரியரில் வைத்த இரண்டு மூட்டைகள் இரண்டு அங்குல ஸ்பிரிங் உயர்வுக்குச் சமம்! கனமானதைக் கீழே, இரு அச்சுகளுக்கும் நடுவில் வைத்துக் கட்டுவது காசே செலவில்லாத பாதுகாப்பு.

காற்றை இறக்கினாலே பாதி வெற்றி

மணலில் வண்டி புதைவது எடையால் மட்டுமல்ல, அந்த எடை எவ்வளவு பரப்பில் பரவுகிறது என்பதாலும்தான். ஒரு சக்கரத்தின் மேல் 300 கிலோ பாரம் இருக்கிறது என்போம். டயரில் 28 பிஎஸ்ஐ காற்று இருந்தால் அது தரையில் பதியும் பரப்பு ஏறத்தாழ 150 சதுர செ.மீ. காற்றை 15க்கு இறக்கினால் அது 280ஐத் தாண்டும். கிட்டத்தட்ட இரு மடங்கு பரப்பு. ஒட்டகத்தின் அகன்ற பாதம் பாலைவனத்தில் செய்யும் வேலை இது.

இதற்கு வேண்டியது ஒரு நல்ல காற்றழுத்தமானியும், திரும்பவும் காற்று நிரப்பச் சிறிய கம்ப்ரசரும் மட்டுமே. குறைந்த காற்றில் வேகமாகப் போகக்கூடாது; சட்டென்று திரும்பினால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். தார்ச்சாலை ஏறுமுன் காற்று நிரப்பியாக வேண்டும். இல்லையென்றால் டயரின் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும்.

ஒரு சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது கதை வேறு. சாதாரண டிஃபரன்ஷியல் இரு பக்கமும் ஒரே அளவு முறுக்குவிசையைத்தான் தரும். அந்தரச் சக்கரத்துக்குத் தடையே இல்லாததால் அது சுழன்றுகொண்டிருக்கும். தரையில் நிற்கும் சக்கரத்துக்கும் அதே சொற்ப விசைதான் கிடைக்கும். இரண்டையும் பூட்டிவிடும் லாக்கரை அடிக்கடி கரடுமுரடான பாதையில் போகிறவர்கள் பின் அச்சில் போடலாம். மற்றவர்களுக்கு நல்ல டயரும் பொறுமையான வேகமும் போதும்.

தண்ணீரைக் கடக்க

நீரை அமுக்க முடியாது. காற்று இழுக்கும் வழியில் தண்ணீர் புகுந்து சிலிண்டரை நிறைத்தால் பிஸ்டன் மேலேற வழியின்றிக் கனெக்டிங் ராடு வளையும். ஸ்நார்க்கல் அதற்குத்தான். ஆனால் ஸ்நார்க்கல் வைத்தவர்கள் பெரும்பாலும் மறப்பது அச்சுகளின் மூச்சுக்குழாயை. ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் ஓடைத் தண்ணீரில் முங்கும்போது உள்ளிருக்கும் காற்று குளிர்கிறது. 80 டிகிரியிலிருந்து 30க்கு வந்தால் அதன் அழுத்தம் சுமார் 14 சதவீதம் குறையும். அந்தக் குறைவை நிரப்ப மூச்சுக்குழாய் வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். பிறகு ஆயில் பால்போல வெளுத்துப் பற்சக்கரங்களை அரிக்கும். மூச்சுக்குழாயோடு ஒரு ரப்பர் குழாயை இணைத்து என்ஜின் அறைக்குள் உயரமாகக் கட்டிவிட்டால் போதும். ஸ்நார்க்கலுக்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது.

மீட்புக்கு

சேசிஸோடு போல்ட் போட்டு இறுக்கிய மீட்புக் கொக்கி முன்னும் பின்னும் இருக்க வேண்டும். இழுக்கும்போது நீளும் நைலான் கயிறு பெரும் ஆற்றலைச் சேமித்து வைக்கும். அதை பம்பரிலோ டிரெய்லர் உருண்டையிலோ மாட்டினால், பிய்ந்து பறக்கும் இரும்பு ஆளைக் கொல்லும். வின்ச் வாங்குகிறவர்கள் பாரத்தோடு சேர்ந்த மொத்த எடையைப் போல் ஒன்றரை மடங்கு திறனுள்ளதைத் தேர்வதே வழக்கம். மூக்குக்கு முன்னால் தொங்கும் பாரம் நெம்புகோலாகவும் வேலை செய்கிறது. முன் அச்சுக்கு 60 செ.மீ. முன்னே 40 கிலோ வைத்தால் முன் சக்கரங்களில் 50 கிலோ கூடுகிறது, பின் சக்கரங்களில் 10 கிலோ குறைகிறது. எப்போதும் இன்னொரு வண்டியோடு சேர்ந்தே போகிறவர்களுக்குக் கயிறும் மண்வெட்டியும் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம் என்கிறது. முன்பக்க இரும்புத் தடுப்புகள் மீது நடவடிக்கை எடுக்குமாறு 2017 டிசம்பரிலேயே மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் மாநிலங்களுக்கு எழுதியது. 15 ஆண்டு முடிந்து ஆர்.சி. புதுப்பிக்கப் போகும் பழைய ஜிப்ஸிக்கு இது உடனடிக் கவலை. பெரிய டயருக்கோ ஸ்பிரிங் உயர்வுக்கோ காசு கொடுக்குமுன் ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்துமூலம் கேட்டுவிட வேண்டும். பந்தயத்துக்கென்றே மாற்றிய வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டாமல் லாரியில் ஏற்றித் திடலுக்குக் கொண்டுபோவதே முறை.

ஆகவே வரிசை இப்படி அமையட்டும். முதலில் பழுதுகள். அடுத்து, அனுமதிக்கப்பட்ட அளவிலேயே நல்ல பிடிப்புள்ள டயர், காற்றழுத்தமானி, கம்ப்ரசர். பிறகு மீட்புக் கொக்கியும் கயிறும், மூச்சுக்குழாய் நீட்டிப்பும். இவற்றோடு ஒரு பருவம் ஓட்டிப் பார்த்து, வண்டி எங்கே தடுமாறுகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். குறிப்பேட்டில் இல்லாத குறைக்கு உபகரணம் வேண்டாம். வாங்கும் ஒவ்வொன்றின் விலைக்குப் பக்கத்தில் அதன் எடையையும் எழுதுங்கள். மொத்தம் 100 கிலோவைத் தாண்டும்போது எதைக் கழற்றலாம் என்று யோசியுங்கள். இனி புதிதாக வராத ஒரு வண்டியை இன்னும் இருபது ஆண்டுகள் மலையிலும் மணலிலும் ஓட வைக்க அந்தக் குறிப்பேட்டைவிட நல்ல உபகரணம் கிடையாது.