கோடை உஷ்ணமும் மாலை இடியும்: கங்கைகொண்ட சோழபுரம் பகுதிக் குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை

கங்கைகொண்ட சோழபுரத்தைச் சூழ்ந்த உடையார்பாளையம், ஆண்டிமடம், செந்துறை தாலுகாக்களில் கோடை பிறந்ததும் வயல் வேலை ஓய்ந்துவிடுகிறதென்று வெளியார் எண்ணுவதுண்டு. உண்மை அப்படியன்று. செம்மண் மேட்டு நிலங்களில் முந்திரிக் கொட்டை பொறுக்கும் காலம் பங்குனியும் சித்திரையுமே. மாசிப் பட்டத்து எள்ளுக்குக் களையெடுப்பும் அறுப்பும் இம்மாதங்களிலேயே நிகழ்கின்றன. இவ்வேலைகளில் பெரும்பகுதி பெண்களின் கைகளாலேயே நடைபெறுகிறது. பகலில் வெயிலும் மாலையில் இடியும் உக்கிரமாயிருக்கும் நாட்களில் திறந்த வெளியில் நிற்பவர்கள் இவர்களே.

வெயிலும் இடியும் வெவ்வேறு விபத்துக்களல்ல. ஒரே நாளின் இரு பாகங்கள் அவை. காலை முதல் செம்மண் தரை காய்ந்து, தன்மேலுள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று இலேசாகி மேலெழும். ஆனால் வறண்ட காற்று எவ்வளவு எழுந்தாலும் மழை மேகம் உண்டாவதில்லை, ஈரம் வேண்டும். அவ்வீரத்தைத் தருவது சுமார் 40 கிலோமீட்டர் கிழக்கேயுள்ள வங்கக் கடல். பிற்பகலில் உள்நாடு நோக்கி வரும் கடற்காற்று, மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்றுடன் மோதும்போது, ஈரக்காற்று விரைவாக மேலே தள்ளப்படுகிறது. பன்னிரண்டு கிலோமீட்டருக்கும் உயரமாக மேகம் வளர்ந்து, அதனுள் பனித்துகள்களும் ஆலங்கட்டிகளும் ஒன்றோடொன்று உராய்ந்து மின்சாரம் சேருகிறது. ஆகையால் காலையில் மிகவும் புழுக்கமாயிருந்த நாளின் மாலையை எச்சரிக்கையுடன் நோக்க வேண்டும்.

மேகத்திலிருந்து மழைத் தாரையோடு குளிர்ந்த காற்று கீழே விழுந்து, தரையில் பட்டு, நாற்புறமும் பரவுகிறது. நாள் முழுவதும் வெந்தவர்களுக்கு அக்குளிர்காற்று மிக இதமாயிருக்கும். “இன்னும் ஒரு கூடை பொறுக்கிவிடலாம்” என்று தோன்றுவதும் அப்போதுதான். புழுதியுடன் திடீரென வீசும் அந்தக் குளிர்காற்றே இடிமேகம் அருகில் வந்துவிட்டதற்கு அடையாளம். அது வந்தபின் வேலையைத் தொடர்வது தகாது.

மின்னல் பெரும்பாலும் சுற்றுப்புறத்தில் உயரமானதைத் தேடி இறங்கும். சமவெளியில் சுமார் 55 மீட்டர் உயர்ந்து நிற்கும் இராஜேந்திர சோழனது கோயில் விமானத்தை நெடுந்தூரத்திலிருந்தே காண்கிறோம். நீர் வற்றிய ஏரியுட்புறத்தில் மாடு மேய்ப்பவனும், எள் கொல்லையின் நடுவில் நிற்பவளும் அவ்விடத்தில் அத்தகைய விமானமே. தனித்த புளியும் பனையும் அதனினும் அபாயமானவை. மரத்தில் இறங்கும் மின்னல் அடிமரத்தருகே ஒதுங்கியிருப்பவர்மேல் தாவுவதுண்டு. வேர் வழியே தரையிலும் பரவும். மாடுகளின் முன்னங்காலும் பின்னங்காலும் தூரமாயிருப்பதால் தரையில் ஓடும் மின்சாரம் அவற்றின் உடலூடே எளிதில் பாய்கிறது. ஒரே மரத்தடியில் கட்டிய மாடுகள் ஒருங்கே மடிவது இதனாலேயே. பகலில் வெயிலுக்குப் புகலிடமான அதே மரத்தை மாலையில் விட்டு விலகுவது பழக்கத்துக்கு மாறானது. ஆதலால்தான் இதைப் பலமுறை சொல்ல வேண்டியிருக்கிறது.

2025-ஆம் வருடம் அக்டோபர் 16-ஆம் தேதி, அண்டையிலுள்ள கடலூர் ஜில்லா வேப்பூருக்கருகே கழுதூரில், மக்காச்சோளக் கொல்லையில் வேலை செய்துகொண்டிருந்த நான்கு பெண்கள் ஒரே மின்னலில் மாண்டனர். அது கோடையன்று, ஐப்பசி பிறக்கும் சமயம். எனினும் வேலையின் தன்மையும் நிலத்தின் தன்மையும் இப்பகுதியினுடையவையே. இந்தியாவில் வருடந்தோறும் மின்னலால் இறப்போர் இரண்டாயிரத்துக்கும் மேற்படுவதாகக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குகள் காட்டுகின்றன.

மின்னலைக் கண்டதும் ஒன்று, இரண்டு என்று விநாடிகளை எண்ணுக. மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டராக இடியோசை வருகிறது. முப்பதுக்குள் ஓசை கேட்டால் மேகம் பத்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உடனே சுவரும் கூரையும் உள்ள வீட்டுக்கோ, மூடிய வண்டிக்கோ செல்ல வேண்டும். நாற்புறமும் திறந்த மண்டபமும் களத்து மேட்டுக் கொட்டகையும் போதா. கடைசி இடி கேட்டு அரைமணி நேரம் கழியும் வரை வெளியே வரலாகாது. வீடு எட்டாத தூரத்திலிருந்தால், தொரட்டியையும் மண்வெட்டியையும் கீழே போட்டுவிட்டு, மரம், கம்பி வேலி, கிணறு ஆகியவற்றிலிருந்து விலகி, ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு, பாதங்களைச் சேர்த்துக் குந்துக. படுக்கக் கூடாது. இதுவும் முழுப் பாதுகாப்பன்று. மின்னல் தாக்கியவரைத் தொட அஞ்சுவோர் பலர். உடலில் மின்சாரம் தங்குவதில்லை. மூச்சு நின்றிருந்தால் மார்பின் நடுவே நிமிஷத்துக்கு நூறு முதல் நூற்றிருபது முறை பலமாக அழுத்திக்கொண்டே 108 வண்டியை அழைக்க வேண்டும்.

இனி வெயிலைப் பற்றி. சமவெளியில் உஷ்ணம் 40 டிகிரி செல்சியஸை எட்டி, வழக்கத்தைவிட 4.5 டிகிரி அதிகப்பட்டால் இந்திய வானிலைத் துறை அதை வெப்ப அலை என்கிறது. கத்திரி பிறந்தால்தான் கொடும் வெயில் என்று பஞ்சாங்கத்தை மட்டும் நம்புவது போதாது. 2024-இல் கத்திரிக்கு முன்பே, ஏப்ரலிலேயே உள் ஜில்லாக்கள் பலவற்றில் 40 டிகிரியைத் தாண்டிற்று. அவ்வருடம் அக்டோபரில் தமிழ்நாடு அரசாங்கம் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. உடம்பு குளிர்வது வியர்வை உலர்வதால். கடற்காற்றின் ஈரம் மிகுந்த நாளில் வியர்வை வழியுமேயன்றி உலராது. ஆதலால் 38 டிகிரியும் அன்று கொடியதாகும். கடின வேலையைப் பதினொரு மணிக்குள் முடித்து, தாகம் வரக் காத்திராமல் இருபது நிமிஷத்துக்கொருமுறை நீரும், இடையிடையே உப்பிட்ட மோரும் நீராகாரமும் பருகுவது நலம். வேலை செய்பவர் உளறினாலோ தள்ளாடினாலோ அது வெறும் களைப்பன்று. நிழலில் கிடத்தி, உடலெங்கும் நீரூற்றி விசிறுக. நினைவில்லாதவர் வாயில் எதையும் புகட்டலாகாது. 108-க்கு உடனே சொல்லியனுப்புக.

வானிலைத் துறை மார்ச்சு முதல் மே வரைக்கான உஷ்ண முன்னறிவிப்பைப் பிப்ரவரி இறுதியை ஒட்டி வெளியிடுகிறது. அது பருவத்தின் பொதுப்போக்கைச் சொல்வதேயன்றி, ஜெயங்கொண்டத்தில் எந்த மாலை இடி விழும் என்பதைச் சொல்லாது. அன்றாட வேலைக்கு ஜில்லாவாரி எச்சரிக்கையையும், மூன்று மணி நேரத்துக்கான இடி அறிவிப்பையும் பார்க்க வேண்டும். ‘தாமினி’ என்னும் கைப்பேசிச் செயலி அருகில் விழும் மின்னலைக் காட்டுகிறது. கூலியாட்களில் ஒருவரிடமேனும் அது இருக்கும்படி கொல்லைக்காரர் பார்த்துக்கொள்வது நன்று. வேலையை நிறுத்தச் சொல்ல வேண்டியவரும் அவரே. இடி அஞ்சி அரைநாளில் நிறுத்தியதற்குக் கூலியைப் பிடித்தால், அடுத்த முறை யாரும் நிறுத்த மாட்டார்கள்.

பயிரைப் பொறுத்தவரை, எள்ளுக்குத் தேங்கிய நீர் ஆகாது. மழை நின்றதும் வடிகால் திறக்க வேண்டும். நனைந்த முந்திரிக் கொட்டையைக் குவித்து வைக்காமல் பரப்பி உலர்த்துக. மேட்டு நிலத்தில் ஒரு நல்ல மழை பெய்தால், ஈரம் காயுமுன் சரிவுக்குக் குறுக்கே உழுதுவிடுவது உத்தமம். கூண்டுப் புழுக்கள் மேலே வந்து வெயிலில் மாளும், பின்வரும் மழை நிலத்தினுள் இறங்கும். அவ்வுழவை மறுநாள் காலையில் வைத்துக்கொள்ளலாம்.