இஞ்சி, ஓமம், ஓர் ஒத்தடம்

படிவம் நான்கில் படித்தபோது ஒரு நாள் சபைக்கூடலில் மயங்கி விழுந்தேன். பசி மயக்கம் என்று ஆசிரியரிடம் சொல்லிச் சமாளித்தேன். உண்மைக் காரணம் மாதவிடாய் வலி. ஆறாண்டுகள் தமிழ்ப்பள்ளியில் படித்தும் அந்த வலியைச் சொல்ல எனக்குத் தமிழில் ஒரு சொல் தெரியவில்லை. மலாய்த் தோழிகள் ‘செங்குகுட்’ என்று இயல்பாகச் சொல்வார்கள். எங்கள் வீட்டிலோ அது வெறும் ‘வயித்து வலி’. அதுவும் அப்பா இல்லாத நேரத்தில் மட்டும்.

அன்று மாலை பாட்டி ஒரு குவளையை நீட்டினார். “படுத்துக் கிடந்தா வலி போயிருமா? எழுந்து குடிம்மா!” என்றார்.

பாட்டியின் கைவைத்தியம்

ஓர் அங்குல இஞ்சியைத் தோல் சீவி நசுக்க வேண்டும். அரைத் தேக்கரண்டி ஓமத்தை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுக்க வேண்டும். இரண்டையும் இரண்டு குவளை நீரில் இட்டு, ஒரு குவளையாக வற்றும்வரை கொதிக்க வைத்து வடிகட்டினால் கசாயம் தயார். காரம் தாங்காதவர்கள் சிறிது கருப்பட்டி சேர்க்கலாம். வலி முற்றும்வரை காத்திராமல், முதல் நாளே குடிக்கத் தொடங்க வேண்டும் என்பது பாட்டியின் கட்டளை.

கூடவே ஒத்தடம். கல்லுப்பையும் ஓமத்தையும் வறுத்துத் துணியில் முடிந்து, சூட்டை மணிக்கட்டில் சோதித்த பிறகு அடிவயிற்றில் வைப்பார். பால்மரம் வெட்டிவிட்டு வந்த நாள்களில் தம் கெண்டைக்கால் பிடிப்புக்கும் பாட்டி இதே முடிச்சைத்தான் வைத்துக்கொண்டாராம்.

அறிவியல் என்ன சொல்கிறது?

மாதவிடாயின்போது கருப்பையின் உட்சுவர் புரோஸ்டாகிளாண்டின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கிறது. அது கருப்பைத் தசையைச் சுருங்கச் செய்கிறது. அளவு கூடினால் தசை இறுகி, இரத்த ஓட்டம் குறைந்து, வலி உண்டாகிறது. இஞ்சியில் உள்ள ஜிஞ்சரால் போன்ற பொருள்கள் இந்தச் சுரப்பைக் குறைக்கின்றன. நாம் விழுங்கும் வலி மாத்திரைகள் செய்வதும் இதே வேலைதான். முதல் நாளே குடிக்க வேண்டும் என்ற பாட்டியின் கட்டளைக்கும் இங்கே பொருள் கிடைக்கிறது.

ஈரானில் 150 மாணவியரிடம் நடந்த ஓர் ஆய்வு 2009-இல் வெளியானது. மாதவிடாயின் முதல் மூன்று நாள்கள் தினமும் 1 கிராம் இஞ்சித் தூள் உண்டவர்களுக்கும், மெஃபனாமிக் அமிலம் அல்லது ஐபுபுரூஃபன் உண்டவர்களுக்கும் வலி ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. 2010-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 11 நாள்கள் தினமும் 2 கிராம் இஞ்சி உண்டவர்களுக்கு உடற்பயிற்சிக்குப் பின் வரும் தசைவலி ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. இவை சிறிய ஆய்வுகளே. ஓமத்துக்கு இந்த அளவு சான்று இல்லை. வயிற்று உப்புசத்துக்கு அது வழிவழியாகப் பயன்பட்டு வருகிறது. ஒத்தடத்தின் வெப்பமோ தசையை இளக்கும் என்பது மருத்துவர்களும் ஏற்றது.

வயிற்றுப் புண் உள்ளவர்களும், இரத்தம் உறையாமல் இருக்க மருந்து உண்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இக்கசாயத்தைத் தொடர்ந்து குடிக்கக் கூடாது.

கசாயத்துக்கும் எல்லை உண்டு

எனக்குக் கைகொடுத்த அதே கசாயத்தை என் அக்காவும் பல ஆண்டுகள் குடித்தார். வலி மாதாமாதம் கூடியதே தவிரக் குறையவில்லை. “பொம்பளைன்னா பொறுத்துக்கணும்” என்றார்கள் உறவினர்கள். “கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்” என்றார் ஒரு மருத்துவர். இறுதியில் தெரிந்தது, அது எண்டோமெட்ரியோசிஸ். கருப்பையின் உட்சுவரைப் போன்ற திசு வெளியே வளரும் நோய். இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இதைக் கேட்டுப் பாட்டி வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்பல்லாம் பிரட்டுக்குப் போகலைன்னா அன்னிக்குச் சம்பளம் இல்லம்மா. எழுந்து நிக்கத்தான் இதைக் குடிச்சோம். இதுலயும் போகலைன்னா டாக்டரைப் பாக்கணும்னு எங்களுக்கு யாரு சொன்னா?” என்றார்.

தோழியரே, நமக்குச் சொல்ல ஆள் இருக்கிறது. மாதந்தோறும் வலி கூடினாலும், மாதவிடாய் இல்லாத நாள்களிலும் வலித்தாலும், மணிக்கொரு முறை அணையாடை மாற்ற வேண்டியிருந்தாலும், மயக்கம் வந்தாலும் மருத்துவரைப் பாருங்கள். ஒருவர் அலட்சியப்படுத்தினால் இன்னொருவரிடம் செல்லுங்கள். தோழர்களே, உங்கள் வீட்டில் யாரேனும் ‘வயித்து வலி’ என்று படுத்திருந்தால் கசாயம் வைத்துக் கொடுங்கள். செய்முறை மேலே இருக்கிறது.

என் தங்கை இப்போது அப்பாவிடமே ‘மாதவிடாய் வலி’ என்று சொல்கிறாள். அப்பா இஞ்சி நசுக்குகிறார்.